படுக்கையறை அலமாரி: தேர்வும் அடுக்கும் முறையும்

படுக்கையறை அலமாரி என்பது உடுப்புகள், போர்வைகள், படுக்கை விரிப்புகள், ஆவணங்கள், நகைகள் முதலியவற்றை வைத்துப் பாதுகாக்கும் கதவுள்ள தட்டுக் கூடு ஆகும். தமிழ்நாட்டில் மரத்தால் அல்லது பலகையால் ஆனதை அலமாரி என்றும், இரும்புத் தகட்டால் ஆனதைப் பீரோ என்றும் அழைப்பது வழக்கம். படுக்கையறை ஒழுங்காக இருப்பதும் கலைந்து கிடப்பதும் பெரும்பாலும் இந்த ஒரு பொருளைப் பொறுத்தே அமைகின்றன. பெரிய அலமாரி இருந்தும் அறை கலைந்திருக்கும் வீடுகள் பல உள்ளன. உள்ளே வைக்கப்படும் துணிகளின் வகை, அறையின் அளவு, ஊரின் தட்பவெப்பம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாமல் அலமாரியைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

இக்கட்டுரை சென்னையின் ராஜா அண்ணாமலைபுரம் போன்ற கடலோர, ஆற்றோர நகர்ப்பகுதி வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அலமாரியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அடுக்கும் முறையையும் விளக்குகிறது.

## சொற்பிறப்பு

அலமாரி என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியின் "அர்மாரியோ" என்பதிலிருந்து வந்தது. அதன் மூலம் இலத்தீன் மொழியில் ஆயுதங்களையும் கருவிகளையும் வைக்கும் இடத்தைக் குறித்த "அர்மாரியம்" ஆகும். சாவி, ஜன்னல், மேசை ஆகிய சொற்களும் போர்த்துக்கீசியர் வழியாகவே தமிழுக்கு வந்தன. பீரோ என்பது பிரெஞ்சு மொழியின் "பூரோ" என்பதன் திரிபு. எழுதும் மேசையின் மீது விரிக்கப்பட்ட முரட்டுக் கம்பளித் துணியின் பெயரே முதலில் மேசைக்கும், பின்னர் அலுவலகத்துக்கும் ஆகி வந்தது.

## வரலாற்றுப் பின்னணி

அலமாரி பரவுவதற்கு முன்பு தமிழ்நாட்டு வீடுகளில் துணிகள் மரப்பெட்டகத்திலும் ட்ரங்குப் பெட்டியிலும் வைக்கப்பட்டன. அன்றாடம் உடுத்துபவை கொடியில் தொங்கின. கூரையை ஒட்டிக் கட்டிய மூங்கில் கழியில் மடித்துணியை நீண்ட கோலால் உயர்த்திப் போடும் வழக்கம் மயிலாப்பூர் போன்ற பகுதிகளின் பழைய வீடுகளில் இருந்தது. வசதியுள்ளோர் வீடுகளில் தேக்கு அலமாரிகள் இருந்தன.

இரும்பு பீரோவின் பரவல் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1897-இல் மும்பையில் பூட்டு செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் இரும்பு அலமாரிகளைச் செய்யத் தொடங்கியது. கரையான் அரிக்காதது, பூட்டிவைக்கக் கூடியது, வீடு மாறும்போது தூக்கிச் செல்லக் கூடியது என்னும் மூன்று காரணங்களால் அது நடுத்தரக் குடும்பங்களில் நிலைபெற்றது. திருமணச் சீர்வரிசையில் கட்டிலோடு பீரோவும் இடம்பெற்றது. இன்றும் சென்னையில் பல படுக்கையறைகளில் பெற்றோர் காலத்துப் பீரோ ஒன்றும் பின்னர் செய்த பலகை அலமாரி ஒன்றும் சேர்ந்தே இருப்பதைக் காணலாம்.

## ராஜா அண்ணாமலைபுரத்தின் சூழல்

ராஜா அண்ணாமலைபுரம் அடையாற்றின் வடகரையில், மந்தைவெளிக்குத் தெற்கே அமைந்துள்ளது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கியது. இதன் கிழக்கே பட்டினப்பாக்கம் கடற்கரையும், தென்கிழக்கே அடையாற்றின் முகத்துவாரமும் உள்ளன. தனி வீடுகள் இருந்த மனைகளில் பெரும்பாலானவை அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறிவிட்டன.

இந்த அமைவிடம் அலமாரியை நான்கு வகையில் பாதிக்கிறது.

- ஈரப்பதம்: சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்நாள்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மூடிய இடத்தில் ஈரப்பதம் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் துணியிலும் தோல் பொருள்களிலும் பூஞ்சணம் பிடிக்கும்.
- உப்புக் காற்று: கடற்கரை அருகில் இருப்பதால் மலிவான கீல்களும் திருகாணிகளும் விரைவில் துருப்பிடிக்கும்.
- வெள்ளம்: 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது கரையோரத் தரைத்தளங்களில் நீர் புகுந்தது. இழந்த சான்றிதழ்களுக்கு மாற்று நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது.
- இட நெருக்கடி: தேசியக் கட்டடவிதித் தொகுப்பு முதன்மை அறைக்குக் கூறும் குறைந்த அளவு 9.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 102 சதுர அடி. பல குடியிருப்புகளின் இரண்டாம் படுக்கையறை இதற்கு ஓரளவு கூடுதலாகவே இருக்கும்.

## அறையை அளத்தல்

கடைக்குச் செல்வதற்கு முன் அல்லது தச்சரை அழைப்பதற்கு முன் அறையின் நீளம், அகலம், கதவு திறக்கும் பக்கம், ஜன்னல், மின்விசைப் பலகை, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கட்டிலையும் அலமாரியையும் வரைந்து நடைவழி மீதி எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

10 அடிக்கு 11 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருவர் படுக்கும் கட்டில் 5 அடி அகலமும் 6.5 அடி நீளமும் உடையது. பலகை அலமாரியின் ஆழம் 2 அடி.

1. கட்டிலின் தலைமாட்டுக்கு எதிர்ச்சுவரில், 10 அடி வாக்கில் அலமாரியை வைத்தால்: 6.5 + 2 = 8.5 அடி. மீதி 1.5 அடி மட்டுமே. ஒன்றரை அடிக் கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை.
2. அதே அமைப்பை 11 அடி வாக்கில் வைத்தால் மீதி 2.5 அடி. கதவு திறக்கும், நின்று எடுக்கவும் முடியும்.
3. கட்டிலின் பக்கவாட்டில், 10 அடி வாக்கில் வைத்தால்: 5 + 2 = 7 அடி. கட்டிலை எதிர்ச்சுவரோடு ஒட்டினால் 3 அடி நடைவழி கிடைக்கும். ஆனால் சுவரோரம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். முதியோர் உள்ள அறைக்கு இது பொருந்தாது.

அலமாரிக் கதவின் முன் குறைந்தது 2.5 அடி இடம் தேவை. இதைவிடக் குறைந்தால் கதவை முழுதாகத் திறக்காமல் கைக்கு எட்டியதை இழுப்பதும், எடுத்ததைத் திரும்ப வைக்காமல் கட்டிலில் போடுவதும் பழக்கமாகிவிடும். அறை கலைவதன் தொடக்கம் பல வீடுகளில் இதுவே.

பீரோவைத் தென்மேற்கு மூலையில், அதாவது கன்னி மூலையில் வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். அம்மூலையின் சுவர் வெளிச்சுவராகவோ குளியலறைச் சுவராகவோ இருந்தால் அலமாரிக்கும் சுவருக்கும் இடையே 2 அங்குலம் இடைவெளி விட வேண்டும். குளியலறைச் சுவரோடு ஒட்டி அமைத்த சுவர் அலமாரிகளில் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். அங்கு அலமாரி தவிர்க்க முடியாததெனில் முதலில் குழாய்க் கசிவைச் சரிசெய்து, சுவரை உலரவிட்டு, அதன்பின் பின்பலகை அடிப்பதே முறை.

## அலமாரி வகைகள்

### இரும்பு பீரோ

பரவலாகக் கிடைக்கும் அளவு ஏறத்தாழ 78 அங்குல உயரம், 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழம். தகட்டின் கனம் "கேஜ்" எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடக்கூடக் கனம் குறையும்: 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ., 22 கேஜ் சுமார் 0.7 மி.மீ. இதைவிட மெல்லிய தகட்டில் செய்தவை பாரம் ஏறும்போது தட்டு வளைந்து, கதவு பொருந்தாமல் போகும்.

பீரோவின் பலவீனமான இடம் அதன் கால். தரை துடைக்கும் நீர் நாள்தோறும் படுவதால் துரு அங்கிருந்தே தொடங்குகிறது. பிளாஸ்டிக் காலுறை அல்லது கருங்கல் துண்டின் மீது நிறுத்தினால் ஆயுள் கூடும். வாடகை வீட்டில் இருப்போருக்கு இதுவே ஏற்றது.

### கடப்பா கல் சுவர் அலமாரி

சென்னையின் பழைய வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் சுவரின் உள்வாங்கிய பகுதியில் கடப்பா கல் தட்டுகள் பதித்திருப்பர். மேலே லாஃப்ட் எனப்படும் பரண் இருக்கும். கல்லைக் கரையான் அரிக்காது, தண்ணீர் கெடுக்காது. குறை அதன் ஆழத்தில் உள்ளது. ஒன்றரை அடி ஆழத் தட்டில் ஹேங்கரைக் குறுக்காக மாட்டினால் கதவு மூடாது. மடித்து வைத்தாலோ பின்வரிசைத் துணி கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

இதற்கு எளிய தீர்வு, தட்டின் ஆழத்துக்கு ஏற்ற மூடியில்லாத பெட்டிகளை வாங்கி இழுப்பறைபோல் பயன்படுத்துவது. பெட்டியை வெளியே இழுத்தால் பின்னால் உள்ளதும் தெரியும். கல்லின் மீது நேரடியாகத் துணி வைக்காமல் பலகையோ பருத்தித் துணியோ விரிக்க வேண்டும். செய்தித்தாள் விரித்தால் ஈரநாள்களில் அதன் மை வெள்ளைத் துணியில் ஒட்டும்.

### ஒட்டுப்பலகை அலமாரி

தச்சர் வீட்டிலேயே செய்வதும், தொழிற்சாலையில் வெட்டி வந்து பொருத்துவதும் உண்டு. சட்டத்துக்கு 18 அல்லது 19 மி.மீ. பலகை பயன்படுகிறது. ஒட்டுப்பலகையில் உள்ள இந்தியத் தர அடையாளத்தைப் பார்ப்பது முக்கியம். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகை. இதில் ஈரம் ஓரளவே தாங்கும் எம்.ஆர். வகையும், கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையும் உள்ளன. ஐ.எஸ். 710 என்பது கடல்சார் பயன்பாட்டுப் பலகை. சென்னையில் தரைத்தள வீட்டுக்கும் குளியலறையை ஒட்டிய சுவருக்கும் பி.டபிள்யூ.ஆர். அல்லது ஐ.எஸ். 710 ஏற்றது. மேல்தளத்தின் உலர்ந்த சுவருக்கு எம்.ஆர். போதுமானது.

மரத்தூள் பலகையும் எம்.டி.எஃப். பலகையும் விலை குறைந்தவை, பார்வைக்கு வழவழப்பானவை. ஆனால் ஓரம் வழியாக நீர் புகுந்தால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. வெள்ளநீர் பட்ட இரும்பு பீரோவைத் துடைத்து, காயவைத்து, வண்ணம் பூசி மீட்கலாம். உப்பிய மரத்தூள் பலகையை மீட்க முடியாது.

புதிய பலகை அலமாரியின் பசை நெடி போகும்வரை, சில நாள்கள் கதவைத் திறந்து வைத்து, அறையிலும் காற்றோட்டம் இருக்கச் செய்த பின்னரே துணி அடுக்க வேண்டும்.

## கதவு: திறப்பதா, நகர்வதா?

கீல் கதவைத் திறந்தால் அலமாரி முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். துடைப்பதும் பழுது பார்ப்பதும் எளிது. நகரும் கதவுக்கு முன்னால் இடம் தேவையில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். இரண்டு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதால் ஆழமும் 3 முதல் 4 அங்குலம் கூடும். தண்டவாளத்தில் தூசி சேர்ந்தால் கதவு முரண்டும். நடைவழி 2.5 அடிக்குக் குறைவான அறையில் மட்டும் நகரும் கதவைத் தேர்வது நல்லது. கீல்களும் திருகாணிகளும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவையாக இருக்க வேண்டும்.

## உள் அமைப்பைக் கணக்கிடுதல்

அலமாரியின் வெளி அளவைவிட உள் பிரிப்பே முக்கியம். பல ஆயத்த அலமாரிகள் கோட்டும் நீண்ட கவுனும் தொங்கவிடும் நாடுகளின் பழக்கத்தை ஒட்டி அமைந்தவை. அவற்றில் தொங்கவிடும் பகுதி உயரமாகவும் தட்டுகள் குறைவாகவும் இருக்கும். புடவை, வேட்டி, சுடிதார், துண்டு, போர்வை எனத் தமிழ் வீட்டுத் துணிகளில் பெரும்பகுதி மடித்து வைப்பவை. எனவே முதலில் வீட்டுத் துணியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்வரும் அளவுகள் கணக்கிட உதவும்.

- ஹேங்கரில் தொங்கும் சட்டை அல்லது பேண்ட் ஒன்றுக்கு: தண்டில் ஏறத்தாழ 1.25 அங்குலம்
- சட்டை, மடித்த பேண்ட் தொங்க உயரம்: 38 முதல் 40 அங்குலம்
- ஹேங்கர் குறுக்காக அடங்க ஆழம்: 22 முதல் 24 அங்குலம்
- மடித்த துணி அடுக்கு ஒன்றின் அகலம்: 12 அங்குலம்
- தட்டுகளுக்கு இடையே உயரம்: 12 அங்குலம்

தட்டுகளுக்கு இடையே 12 அங்குலத்துக்கு மேல் விட்டால் அடுக்கு உயரும், அடியில் உள்ளதை உருவும்போது முழுதும் சரியும்.

எடுத்துக்காட்டாக, கணவன் மனைவி இருவரின் துணிகள்: சட்டை 20, பேண்ட் 10, பருத்திப் புடவை 30, பட்டுப்புடவை 12, சுடிதார் 20. சட்டைக்கு 25 அங்குலமும் பேண்டுக்கு 12.5 அங்குலமும் தண்டில் வேண்டும். பருத்திப் புடவை அடுக்குக்கு 8 வீதம் 4 அடுக்கு. பட்டு அடுக்குக்கு 4 வீதம் 3 அடுக்கு. சுடிதார் அடுக்குக்கு 7 வீதம் 3 அடுக்கு. ஆக 10 அடுக்குகள், அதாவது 10 அடி நீளத் தட்டு.

6 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள அலமாரியை இரண்டாகப் பிரித்தால் இவை அடங்கும். ஒரு பாதியில் மேலும் கீழுமாக இரண்டு தண்டுகள்: மேலே சட்டைகள், கீழே பேண்டுகள். மறு பாதியில் 12 அங்குல இடைவெளியில் ஆறு தட்டுகள். 10 அடுக்குகளுக்கு நான்கு தட்டுகள் போக, மீதி இரண்டில் விரிப்புகளும் உள்ளாடைப் பெட்டிகளும் வைக்கலாம். கீழ்த்தண்டில் ஏறத்தாழ 20 அங்குலம் காலியாக இருக்கும். இந்தக் காலியிடத்தை நிரப்பிவிடக் கூடாது. அதன் பயன் அடுத்த பகுதியில் கூறப்படுகிறது.

## ஒருமுறை உடுத்திய துணி

அறை கலைவதற்கு மிகப் பெரிய காரணம் அழுக்குத் துணியும் அன்று, துவைத்த துணியும் அன்று. இரண்டு மணி நேரம் உடுத்திவிட்டு, மறுநாளும் உடுத்தலாம் என்று கழற்றிவைக்கும் துணியே. அழுக்குக் கூடைக்குள் போட மனம் வராது. துவைத்தவற்றோடு வைக்கவும் முடியாது. ஆகவே அது நாற்காலியிலும், கட்டில் ஓரத்திலும், கதவின் மேலும் சேர்கிறது. பழைய வீடுகளில் கொடி செய்துவந்த வேலை இதுதான். கொடி மறைந்தபோது அதற்கு ஈடாக அலமாரியில் எதுவும் வரவில்லை.

இதற்கென இடம் ஒதுக்காத எந்த அலமாரியும் அறையை ஒழுங்காக வைக்காது. மேலே கூறிய கீழ்த்தண்டின் காலிப் பகுதி இதற்கானது. அல்லது ஆளுக்கு நான்கு கொக்கிகள் கதவின் பின்புறம் அடிக்கலாம். இரண்டு விதிகள் போதும்:

- வியர்வை உலர்ந்த பின்னரே உள்ளே போக வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் மின்விசிறியின் கீழ் அரை மணி நேரமாவது விட வேண்டும்.
- கொக்கிகள் நிறைந்துவிட்டால் புதிய கொக்கி அடிக்கக் கூடாது. மிகப் பழைய துணி துவைக்கப் போக வேண்டும்.

## அடுக்கும் முறை

1. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஆள்வாரியாகவும் வகைவாரியாகவும் பிரிக்க வேண்டும். ஒரே நாளில் முழு அலமாரியையும் கொட்டினால் இரவுக்குள் முடியாது. நாளுக்கு ஒரு தட்டு போதும்.
2. ஓராண்டாக உடுத்தாதவற்றைத் தனியே வைத்து, கொடுப்பவை, தைக்க வேண்டியவை, நினைவுக்காக வைப்பவை எனப் பிரிக்க வேண்டும். தைக்க வேண்டியவை திரும்ப அலமாரிக்குள் போகக் கூடாது.
3. இரண்டரை அடி முதல் ஐந்தரை அடி வரையான உயரமே கைக்கு எளிதில் எட்டுவது. அன்றாடத் துணி அங்கே இருக்க வேண்டும். முதியோருக்குக் குனியாமலும் எக்காமலும் எடுக்கக்கூடிய நடுத்தட்டுகளை முதலில் ஒதுக்க வேண்டும்.
4. கூடுதல் போர்வை, பயணப்பை, கம்பளி உடை ஆகியவை பரணுக்குப் போகலாம். பெட்டியின் முகப்பில் உள்ளே இருப்பதை எழுதி ஒட்ட வேண்டும்.
5. ரவிக்கை, உள்பாவாடை ஆகியவற்றை அதற்குரிய புடவையோடு சேர்த்தே வைத்தால் கிளம்பும் நேரத்துத் தேடல் இல்லை.
6. இஸ்திரி வண்டியிலிருந்து வரும் மூட்டையை உடனே அடுக்கக் கூடாது. சூட்டோடு உள்ளே வைத்தால் நீராவியின் ஈரம் தங்கும். பிரித்து ஆறவைத்து அன்றே உரிய தட்டில் வைக்க வேண்டும்.
7. தட்டில் கால் பங்கு காலியாக இருக்க வேண்டும். காற்றோட்டத்துக்கும், துவைத்து வரும் துணிக்கும் அதுவே இடம்.

சப்பானியரான மாரி கோண்டோ பரப்பிய, துணியைச் சிறிதாக மடித்துச் செங்குத்தாக நிறுத்தும் முறை பனியன், குழந்தை உடை, துண்டு ஆகியவற்றுக்கு நன்கு பொருந்தும். பட்டுப்புடவைக்குப் பொருந்தாது. சரிகையில் மடிப்புகள் பெருகினால் இழை முறியும்.

## பட்டும் கஞ்சி போட்ட துணியும்

காஞ்சிபுரப் பட்டின் அசல் சரிகையில் வெள்ளி உள்ளது. ஈரத்திலும் காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களாலும் வெள்ளி கறுக்கும். எனவே பட்டைப் பழைய, சாயம் போகாத வேட்டித் துணியில் சுற்றி வைப்பது நல்லது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் பிரித்து, மடிப்பு மாற்றி மடிக்க வேண்டும். கனத்த பட்டை நீண்ட நாள் ஹேங்கரில் தொங்கவிட்டால் அதன் எடையே மடிப்பில் கிழிசலை உண்டாக்கும். வாசனைத் திரவியத்தைச் சரிகையின் மீது தெளிக்கக் கூடாது.

கஞ்சி போட்ட பருத்தித் துணியைப் பல மாதம் அலமாரியில் வைப்பதும் தவறு. மாவுப்பொருளைத் தேடி வரும் வெள்ளிமீன் பூச்சி துணியையும் அரிக்கும். நெடுநாள் வைக்க வேண்டியவற்றைக் கஞ்சியில்லாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்து மடிக்க வேண்டும்.

## பாச்சை உருண்டையும் குழந்தைகளும்

பாச்சை உருண்டை எனப்படும் நாப்தலின் அறை வெப்பத்திலேயே ஆவியாகித் துணியில் படியும். "ஜி-6-பி-டி" என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஆவி பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள் காமாலையும் இரத்தச்சோகையும் உண்டாகலாம். குழந்தைக்கு அக்குறைபாடு இருப்பது பெரும்பாலும் பெற்றோருக்கு முன்கூட்டித் தெரியாது.

தமிழ் வீடுகளில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தூளி கட்டவும், விரிக்கவும், போர்த்தவும் பீரோவில் பல ஆண்டுகள் இருந்த மென்மையான பழைய புடவையையும் வேட்டியையுமே எடுக்கின்றனர். பாச்சை உருண்டையோடு இருந்த துணியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. துவைத்து, வெயிலில் நெடி முற்றும் போகும்வரை காயவைக்க வேண்டும். குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டில் அத்துணிகளைச் சில வாரம் முன்பே தனியே எடுத்துத் துவைத்து, உருண்டை இல்லாத தட்டில் வைப்பதே சிறந்தது.

உருண்டையை மிட்டாய் என எண்ணிச் சிறு குழந்தைகள் விழுங்கும் ஆபத்தும் உண்டு. விழுங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கற்பூரக் கட்டியும் மாற்று ஆகாது. அதை விழுங்கினால் வலிப்பு வரலாம். வேப்பிலை, வசம்பு, கிராம்பு ஆகியவற்றைத் துணியில் முடிந்து வைப்பது பழைய வழக்கம். இவற்றின் ஆற்றல் குறைவு. தூய்மை, வெயில், உலர்வு ஆகிய மூன்றுமே பூச்சிக்கு முதன்மைத் தடுப்பு.

## மழைக்காலப் பராமரிப்பு

- செப்டம்பரில் ஒரு வெயில் நாளில் அலமாரியைக் காலிசெய்து, தட்டுகளை உலர்ந்த துணியால் துடைத்து, சில மணி நேரம் திறந்து வைக்க வேண்டும்.
- சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். கால்சியம் குளோரைடு அடங்கிய ஈரமுறிஞ்சும் டப்பாவில் நீர் சேரும். அது துணியில் சிந்தாதவாறு கீழ்த்தட்டில் தனியே வைத்து, நிறைந்ததும் கொட்ட வேண்டும்.
- மழைநாளில் அரைகுறையாகக் காய்ந்த துணியை ஒருபோதும் உள்ளே வைக்கக் கூடாது. ஒரு ஈரத் துணி முழுத் தட்டையும் கெடுக்கும்.
- கரையான் மண்கோடு சுவரிலோ அலமாரியின் பின்புறத்திலோ தெரிந்தால் அதைத் துடைத்துவிடுவதால் மட்டும் பயனில்லை. மூலத்தைக் கண்டு மருந்திட வேண்டும்.
- தரைத்தள வீடுகளில் கீழ்த்தட்டில் ஆவணம், பட்டு, ஒளிப்படத் தொகுப்பு ஆகியவை இருக்கக் கூடாது. சான்றிதழ்களையும் பத்திரங்களையும் நீர்புகா உறையில் இட்டு, தலை உயரத்துக்கு மேல், ஒரே கைப்பிடியில் எடுக்கக்கூடிய பையில் வைக்க வேண்டும்.

## சாய்வதைத் தடுத்தல்

தனித்து நிற்கும் உயரமான அலமாரி, இழுப்பறைகள் திறந்திருக்கும்போது குழந்தை பிடித்து ஏறினால் முன்பக்கம் சாயக்கூடும். அமெரிக்காவில் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து 2016-இல் ஐக்கியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. அலமாரியின் மேற்பகுதியை இரண்டு எல் வடிவ இரும்புப் பட்டைகளால் சுவரோடு பிணைப்பது சிறு செலவில் முடியும் வேலை. கனமானவற்றைக் கீழேயும் இலேசானவற்றை மேலேயும் வைக்க வேண்டும். பீரோவின் மேல் பெட்டிகளை ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

## தேர்வுக்கு முன் பார்க்க வேண்டியவை

- கதவின் முன் 2.5 அடி இடம் உள்ளதா?
- சுவர் உலர்ந்ததா? அடுத்த பக்கம் குளியலறையா?
- வீடு தரைத்தளமா? வாடகை வீடா?
- தொங்கவிடுபவை எத்தனை, மடிப்பவை எத்தனை?
- ஒருமுறை உடுத்திய துணிக்கு இடம் உள்ளதா?
- வீட்டில் குழந்தையோ முதியவரோ உள்ளனரா?
- படிக்கட்டிலும் மின்தூக்கியிலும் அலமாரி ஏறுமா?

இக்கேள்விகளுக்கு விடை கண்டபின் வாங்கும் நான்கடி அலமாரி, காணாமல் வாங்கும் எட்டடி அலமாரியைவிட அறையை ஒழுங்காக வைக்கும்.